முக்கால் சைஸ்

ஜூன் 12, வியாழன்

புது பேட்ச் வந்தாச்சு. அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகள் ஏழு. ஏழும் ஒரே நேரத்தில் பேசுதுக. முதல் நாள் எப்பவும் அளவெடுப்புதான், வில்லைத் தொடவே விடமாட்டேன். வயலினை இடது தோளில் வைத்துக் கையை நேரே நீட்டச் சொல்வேன். வயலின் தலையில் நத்தை மாதிரி ஒரு சுருள் இருக்கிறதே, அது உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும். விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். எட்டவில்லையா, வயலின் பெரிசு. சுருள் மணிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டதா, வயலின் சின்னது. அரை, முக்கால், முழு என்று மூன்று சைஸ். செருப்பு வாங்குகிற மாதிரிதான், போட்டுப் பார்த்துத்தான் கொடுக்கணும்.

ரெய்ஹானா என்று ஒரு நெட்டைப் பிள்ளை. அவளுக்கு முக்கால்தான் சரி. ஆனால் ஸ்கூல் முக்கால் எல்லாம் ஆறாங்கிளாஸ்காரிகள் கையில். இந்த வருஷம் அரையிலேயே ஓட்டு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். வாய்க்கொழுப்பு உள்ள பிள்ளை, பார்த்தாலே தெரிகிறது.

சாயங்காலம் பெரிய பிள்ளைகள் வகுப்பு. இசக்கிச்செல்வி லீவு முடிந்து வந்திருக்கிறாள். ஒன்பதாவது. இந்த ஸ்கூலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டேன், இவளைப் போல் காது உள்ள பிள்ளையை நான் கண்டதில்லை. ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் மண்டலப் போட்டி. தனி வாசிப்புக்கு நீதான் என்று சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் மட்டும் சிரித்தது.

அவள் வாசிப்பது ஸ்கூல் வயலின் இல்லை, என் வீட்டு முக்கால். என் மகள் ஜெமியோடது. இசக்கி ஆறாவது படிக்கும்போது கொடுத்தேன். "எம் மகள் வந்து கேட்டா திருப்பித் தந்துரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து முட்டையைத் தூக்குகிற மாதிரிதான் அதைத் தூக்குகிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து ஜெமிக்குப் போன் போட்டேன். பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். "நல்லா இருக்கேன்மா. சாப்ட்டேன்மா." கோயம்புத்தூர்ப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ஒன் வயலின் பத்திரமா இருக்குட்டி" என்றேன். "ம்" என்றாள். அப்பா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

அவள் அப்பாவோடு போய் ஐந்து வருஷம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் நீதிபதி யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டார், அவள் அவர் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே பெரிய வீடு, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். பிள்ளை பிள்ளைகளோடு இருக்கத்தானே நினைக்கும். போன மே லீவுக்கு டியூசன், இந்த மே லீவுக்கு ஊட்டியில் யாரோ கல்யாணம். அவளுக்கும் வேலை இருக்கும்தானே. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இசக்கிக்கு என்ன கேடு வந்தது என்று தெரியவில்லை. சுருதி ஏறி ஏறிப் போகிறது. ஒன்றிரண்டு ஸ்வரம் இல்லை, அத்தனையும். லீவில் வயலினைத் தொட்டிருக்க மாட்டாள்.

"ஏட்டி, காதை வீட்ல கழத்தி வச்சிட்டு வந்தியா?"

"இல்ல டீச்சர். விரல் வைக்க எடம் பத்தல டீச்சர்."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். மூணு வருஷமா பத்துன எடம் இப்பப் பத்தலையோ?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வகுப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் நின்றாள், ஏதோ சொல்ல வருகிற மாதிரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு போ என்று விரட்டிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

சின்னப் பிள்ளைகள் மூன்று தந்தியை அறுத்துவிட்டார்கள். வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் கட்டியைக் கற்கண்டு என்று நினைத்து ரெய்ஹானா நக்கிப் பார்த்திருக்கிறாள். பிறகு கேட்கிறாள், "டீச்சர், செத்துப்போவனா?" சாவ மாட்டே, அவ்வளவு சுலபமா என்னை விட்டுப் போயிருவியா என்றேன்.

இசக்கி இன்றும் ஏற்றித்தான் வாசிக்கிறாள். சவம்.

ஜூலை 9, புதன்

இப்போது தோளும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறது. இடது மணிக்கட்டு உள்ளே மடிந்துபோகிறது. நான் பென்சிலால் தட்டினால் நிமிர்த்துகிறாள், நாலு வரி வாசிப்பதற்குள் மறுபடியும் மடிந்துவிடுகிறது. மணிக்கட்டில் கைக்குட்டை சுற்றியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். எண்ணெய் வாடை. கொஞ்சம் வீங்கினாற்போல இருந்தது.

"கை வலிக்கி டீச்சர்."

இவள் அம்மா வடிவு பீடி சுற்றுகிறவள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உட்கார்ந்து இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டிச் சுருட்டி விரலும் மணிக்கட்டும் என்னத்துக்கு ஆகும்? அம்மாவுக்குக் கூடமாட உதவி செய்கிறாய், அதானே என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றாள். சத்தமே வரவில்லை. பொய் சொல்லுகிற பிள்ளை அப்படித்தான் சொல்லும்.

அம்மாவைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

வடிவு வந்தாள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, இந்தப் பிள்ளை கை சாதாரணக் கை இல்ல. மதுரைக்குப் போகப்போற கை. அதைப் போயி பீடி சுத்த வைக்கலாமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஒத்தப் பீடி டீச்சர். ஒத்தப் பீடி அவ கையால சுத்த விட்டதில்ல. தட்டுப் பக்கத்துல வந்தாக்கூட ஏசுவேன். என் தலையெழுத்து எனக்கு, அவளுக்கு வேண்டாம்னுதான ஒங்க கையில விட்டுருக்கேன்."

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "பிள்ள உறங்கவும் மாட்டேங்கா. காலு கொடையுது, கை கொடையுதுன்னு புலம்புதா. வளத்தி வலிம்பாவ பெரியவிய. ஜூன்ல தச்ச பாவாடை, அதுக்குள்ள கெண்டைக்கால் தெரியுது. ரெண்டு செருப்பு மாத்தியாச்சு."

சரி, கையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லு என்று அனுப்பிவிட்டேன். கேட்டால் எந்தத் தாய்தான் ஒத்துக்கொள்வாள்.

ஜூலை 22, செவ்வாய்

உடற்கல்வி டீச்சர் கோமதி எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரம், எடை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஹெப்சி டீச்சர், ஒங்க இசக்கி என்னமா வளந்துட்டா! போன வருஷம் ஏழாங்கிளாஸ் பிள்ளைன்னுல்லா நெனப்பேன். இப்ப என் தோளுக்கு மேல நிக்கா."

"ஆமா, வளருத வயசு."

"அவ வச்சிருக்க வயலின் மட்டும் வளரல போல" என்று சிரித்தாள். "ஒங்க பீரோல பெருசு ரெண்டு சும்மா கெடக்கே?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவள் வாலிபாலைப் பார்த்தால் போதாதா? போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் வயலினை மாற்றினால் விரல் இடைவெளி மாறும், வில்லின் எடை மாறும், எல்லாம் குழம்பும். இது எனக்குத் தெரியாதா? நான் யோசிக்காமலா இருப்பேன்? போட்டி முடியட்டும், பார்க்கலாம்.

அப்படியே முழு சைஸ் கொடுத்தாலும் முக்காலை என்ன செய்வது? பெட்டியில் வைத்துப் பூட்டணும். வாசிக்காத வயலின் ஊமையாகிப் போகும். வேறு பிள்ளை கையில் கொடுத்தால் எப்படி வைத்திருக்குமோ. ஜெமி வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஸ்டாஃப் மீட்டிங் இழுத்துவிட்டது. வகுப்புக்குப் போனால் சின்னதுகளும் பெரியதுகளும் ஒன்றாகக் கும்மாளம். என்ன விளையாட்டு என்றால் அளவெடுப்பு விளையாட்டு. ரெய்ஹானாதான் நான். மேசையில் நான் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னை மாதிரியே இடுப்பில் கைவைத்து, "நீட்டுட்டி கைய! என்ன முழிக்கே?" என்று ஒவ்வொருத்தியையும் அளந்துகொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது.

கடைசியாக இசக்கியை இழுத்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். தோளில் வைத்துக் கையை நீட்ட வைத்துவிட்டார்கள். சுருள் மணிக்கட்டு வரைக்கும்கூட வரவில்லை. முழங்கையை மடக்காமல் அவளால் அதைப் பிடிக்கவே முடியவில்லை.

"அக்கா பெயில்! அக்காவுக்குச் சின்னது!" என்று ரெய்ஹானா கத்தினாள்.

உள்ளே போய் எல்லாரையும் ஏசினேன். வயலின் விளையாட்டுச் சாமானா என்று கேட்டேன். ரெய்ஹானாவை வெளியே நிறுத்தினேன். இசக்கி வயலினைப் பெட்டியில் வைத்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. இன்றைக்கு வகுப்பு இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இசக்கி வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோமதி வந்தாள், கையில் வயலின் பெட்டி. மேலே யூனிஃபார்ம் துப்பட்டா சுற்றியிருந்தது, மழை படாமல் இருக்க.

"இசக்கி குடுத்தா. டீச்சரோட மகள் வயலின், பத்திரமா குடுத்துருங்கன்னா. இனிம வகுப்புக்கு வரலையாம். மதுரைக்கும் வரலையாம்."

"ஏனாம்?"

கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கை முடியல அவளுக்கு. சடை பின்ன முடியல. நான் ரொம்ப நேரம் கேட்டபொறவுதான் சொன்னா. வயலின் சின்னதாயிட்டுன்னு அவளுக்கு ஜூன்லயே தெரியுமாம்."

"தெரிஞ்சா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"இது வேண்டாம், பெருசு தாங்கன்னு கேட்டா டீச்சருக்கு வருத்தமாயிரும், அவுக மகள் நெனப்புல குடுத்ததுன்னா. கையை எப்படியாவது இதுக்குள்ள அடக்கிக்கிடலாம்னு பாத்தாளாம்."

மணியடித்தது. கோமதி போய்விட்டாள். அடுத்த வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைவலி என்று லீவு சொன்னேன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். துடைத்துத் தந்திருக்கிறாள். தந்திக்கு அடியில் ஒரு பொட்டு ரோசின் பொடி இல்லை.

இதை ஜெமிக்கு என்றுதான் வைத்திருந்தேன். எந்த ஜெமிக்கு? பதினாறு வயதுப் பிள்ளைக்கு முக்கால் சைஸ் எதற்கு? நாளைக்கே அவள் வாசலில் வந்து நின்று என் வயலினைத் தா என்றாலும் இது அவளுக்குச் சேராதே. தோளில் வைத்தால் பொம்மையை வைத்த மாதிரி இருக்கும். பதினொரு வயது ஜெமி இனி எங்கேயும் இல்லை. இல்லாத பிள்ளைக்காக, இருக்கிற பிள்ளையின் கையைக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

ஏழு பிள்ளைகளை ஒரே மூச்சில் அளந்து கொடுத்தவள் நான். என் பிள்ளையின் கை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. என்னை விட உயரமா குட்டையா, அதுவும் தெரியாது. போனில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூனைப் படம்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எத்தனை நாள் எழுதியிருக்கிறேன். இருக்கிறது. அவள் அன்றைக்கு அவர் பக்கம் கை காட்டியது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, அதனால் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கூல் பீரோவிலிருந்து முழு சைஸை எடுத்துக்கொண்டு பேட்டையில் இசக்கி வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வடிவு வாசலில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள், எழுந்திருக்கவில்லை.

"வடிவு, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கை வலிக்கு நீ காரணமில்ல. நாந்தான்."

"நீங்க என்ன செஞ்சிய?"

"வளந்த பிள்ளைக்குச் சின்னச் சட்டைய மாட்டிவிட்டுட்டு, தையல் பிரியுதேன்னு பிள்ளையைப் போட்டு ஏசியிருக்கேன். தெரிஞ்சேதான் செஞ்சிருக்கேன்."

"தெரிஞ்சா? அது ஏன் டீச்சர்?"

"அந்த வயலின் எம் மகளோடது. அவ எங்கூட இல்ல. அது ஒரு பிள்ளை கையில கெடந்தா அவ கையில கெடக்க மாதிரி இருந்துச்சு."

வடிவு தட்டைக் கீழே வைத்தாள். சமாதானமாக ஒரு சொல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போல. "எம் பிள்ள கை சரியாவுமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

இசக்கி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டேன். முழு சைஸைத் தோளில் வைத்து, "கையை நீட்டுட்டி" என்றேன். சுருள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. விரல்கள் தானாக மூடிக்கொண்டன.

"இடது கையைக் கீழ விடு. வில்லை மட்டும் இழு."

இழுத்தாள். அந்தச் சின்ன வீட்டுக்கு அது பெரிய சத்தம். அவளே திடுக்கிட்டு நிறுத்திவிட்டாள்.

"இது யாரோட வயலின் டீச்சர்?"

"ஸ்கூலோடது."

"யாரும் வந்து திருப்பிக் கேக்க மாட்டாவல்ல?"

"கேக்க மாட்டாவ" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மதுரையைப் பற்றிக் கேட்டாள். முழு சைஸ் கைக்குப் பழக ரெண்டு மாதமாவது ஆகும், அதற்கு முன்னால் வீக்கம் வற்ற வேண்டும், இந்த வருஷம் முடியாது என்று சொன்னேன். அடுத்த வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அடுத்த வருஷம் நான் பத்தாவது டீச்சர். பப்ளிக் எக்ஸாம் பிள்ளைகள அனுப்ப மாட்டாங்க."

அது எனக்கும் தெரியும். ஸ்கூல் வழக்கம் அது, பத்தாவது வந்தால் பாட்டும் கிடையாது, விளையாட்டும் கிடையாது.

"மன்னிச்சிருட்டி" என்றேன். ஒரு மாணவியிடம் நான் இதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் சரி என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வயலினை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

எலும்பு டாக்டர் பார்த்தார். ஜவ்வு வீங்கியிருக்கிறது. ஒரு மாதம் கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கலில் போட்டு ஓய்வு. ஆறிவிடும் என்றார். ஆறிவிடும் என்று அவரிடம் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

மதுரை. பிளஸ் ஒன் பிள்ளைகள் நாலு பேர் கூட்டு வாசிப்புக்கு வந்தார்கள். தனி வாசிப்புக்கு எங்கள் ஸ்கூலிலிருந்து யாரும் இல்லை. இசக்கி பார்க்க வரட்டுமா என்று கேட்டாள், கூட்டிப் போனேன். என் பக்கத்தில் தொங்கலுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒரு பிள்ளை தனியாக நின்று வாசிக்க வாசிக்க, தொங்கல் துணிக்குள் இவள் விரல்கள் அசைந்தன.

"நல்லா வாசிக்கால்ல டீச்சர்?"

"ஒன்ன மாதிரி இல்ல" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். அழ வேண்டியதுதானே.

செப்டம்பர் 15, திங்கள்

தினம் கொஞ்சம் வாசிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இசக்கி வகுப்புக்கு வந்தாள். முழு சைஸில் முதல் தடவை விரல் வைத்தாள். சின்ன வயலினுக்கு ஒடுங்கிப் பழகின விரல், எதுவும் எட்டவில்லை.

"இப்ப எல்லாம் எறங்கிப் போவுது டீச்சர்."

"போவட்டும். பையப் பைய ஏறும்."

முக்காலை ரெய்ஹானாவுக்குக் கொடுத்தேன். சுருள் அவள் உள்ளங்கையில் அச்சாக உட்கார்ந்தது. இது என் வீட்டு வயலின், உனக்குப் பத்தாமல் போனால் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்றேன்.

"பத்தாம போவுதுன்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"நீயே அளந்து பாத்து வந்து சொல்லு. ஒனக்குத்தான் வாய் இருக்கே."

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெமிக்குப் போன் போட்டேன். நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன்மா. எப்போதும் அதற்கப்புறம் நான் வயலினைப் பற்றிச் சொல்வேன். இன்றைக்குச் சொல்லவில்லை.

"ஜெமி, நீ இப்ப என்ன ஒயரம்ட்டி?"

"எதுக்கும்மா?"

"எதுக்கும் இல்ல. எனக்குத் தெரியாது. அதான் கேக்கேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அஞ்சு ஏழும்மா. கிளாஸ்ல நான்தான் கடைசி பெஞ்ச். முன்னால இருந்தா மறைக்குதாம்."

அஞ்சு ஏழு. நான் அஞ்சு ரெண்டு. அவளை நான் அண்ணாந்துதான் பார்க்கணும்.

"காலாண்டு லீவுல நான் அங்க வந்து ஒன்னப் பாக்கட்டுமா?"

"வயலினைக் கொண்டு வருவியா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி. அத இங்க ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். ஒனக்குத்தான் அது சேராதே."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப வாம்மா" என்றாள்.